ஒப்படைத்த ஓட்டு

வரவேற்பறைப் பெண்ணின் அலறல் நான்கு மாடிக்கும் கேட்டது!

பின்படிக்கட்டின் அடியில் புரோகிராமரின் மச்சினன் கிடந்தான். உயிர் இல்லை.

எல்லோருக்கும் முன்னால் ஓடினார் புரோகிராமர். "ஐயோ, மாப்ள..." என்று தரையில் விழுந்து அழுதார். நன்றாகவே அழுதார்!

உள்ளுக்குள்... அப்பாடா!

இரண்டு வருஷத்து வயிற்றெரிச்சல் அது. முதலாளியே இல்லாத அமைப்பு; கணக்கெல்லாம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில். எதுவானாலும் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு. நேரமில்லாதவர்கள் தங்கள் ஓட்டை நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ஏற்பாட்டை மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியவர் இவர். ஆனால் அறுநூறு பேர் ஒப்படைத்தது மச்சினனிடம்! பல்லைக் காட்டுவதைத் தவிர அந்தப் பயலுக்கு என்ன தெரியும்?

போதாக்குறைக்கு வீட்டில் மனைவி. "என் தம்பி மாதிரி நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பழகுங்களேன்."

இன்று பதினோரு மணிக்கு வாக்கெடுப்பு முடியவிருந்தது. தலைமைப் பொறுப்பிலிருந்து இவரைத் தூக்கலாமா, வேண்டாமா? அறுநூறு ஓட்டு அவன் கையில். விடுவானா?

அதனால்தான் படிக்கட்டில் ஒரே தள்ளு.

மதியம் வந்த பெண் இன்ஸ்பெக்டர், புரோகிராமருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

"மச்சினன் விழுந்தது எப்ப தெரியும்?"

"அந்தப் பொண்ணு கத்தினப்பதான் மேடம்."

"அது பத்து அம்பது. அதுக்கு முன்னாடி?"

"சத்தியமா தெரியாது."

"யாராவது இறந்தா, 'காலமானார்'னு நீங்கதான் பதியணுமாமே?"

"ஆமா. பதிஞ்சாதான் அவர்கிட்ட இருந்த ஓட்டெல்லாம் கொடுத்தவங்ககிட்டயே திரும்பும்."

"பதிஞ்சிருக்கீங்க. பத்து நாப்பத்திரண்டுக்கே."

பதினோரு மணிக்குள் அந்த ஓட்டுகள் கலைய வேண்டுமே என்ற அவசரம்...

"அது... நேரம் தப்பா விழுந்திருக்கும்."

"விழாது, யாரும் திருத்தவும் முடியாதுன்னு நீங்கதானே மேடை மேடையா பேசினீங்க?"

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"இன்னொண்ணு. ஓட்டு முதல்ல யார் கைக்குப் போச்சுன்னு மட்டும்தான் உங்க திரை காட்டும். அங்கேருந்து அடுத்த கைக்குப் போனா காட்டாது. சரிதானே?"

"இடம் பத்தல... அப்புறம் சேர்க்கலாம்னு விட்டுட்டேன்."

"பதிவேட்டுல இருக்கு. காலையில ஒன்பதரைக்கு உங்க மச்சினன் அறுநூறு ஓட்டையும் உங்களுக்கே ஒப்படைச்சிருக்கான். கூடவே ஒரு குறிப்பு. 'மாமா உருவாக்கினது. மாமாவே நடத்தட்டும்.'"

புரோகிராமர் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்தத் தடவை அழுகை நிஜமாகவே வந்தது. பாவிப்பயல், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"அப்ப... அந்த ஓட்டு?"

"அவன் செத்துட்டான்னு நீங்களே பதிஞ்சீங்க. எல்லாம் கொடுத்தவங்ககிட்ட திரும்பிடுச்சு. அவங்க உங்களைத் தூக்கிட்டாங்க."

விலங்கை எடுத்தபடி இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"உள்ள போனா ஓட்டு கிடையாது சார். உங்களோடதை யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டு வாங்க... ஜீப் வெயிட் பண்ணுது."