அக்காவுக்குக் கிடைத்த அம்மா வேஷம்

"அம்மா! நீ எந்தக் கார்ல வர்றே? இப்பவே சொல்லிடு!"

எல்ஸி மாடிப்படியில் நின்று போட்ட சத்தத்தில் சமையலறையில் இருந்த பூனை எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டது. பெவர்லி ஹில்ஸில் பெரிய பெரிய வீடுகள் உண்டு, பெரிய பெரிய சண்டைகளும் உண்டு. ஆனால் ஒரே வீட்டிலிருந்து ஒரே ஸ்டூடியோவுக்கு, ஒரே படத்தில் நடிக்க, அக்காவும் தங்கையும் இரண்டு கார்களில் ஒன்றன் பின் ஒன்றாகப் போவது அந்தத் தெருவிலேயே இவர்கள் வீட்டில் மட்டும்தான்.

"போகும்போது உன் கார்லயும் வரும்போது அக்கா கார்லயும் வர்றேன். போதுமா?" என்றாள் அம்மா அல்மா, பின்னல் ஊசிகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வரும்போதா? சாயங்காலம் நான் எங்கே இங்கே வரப்போறேன்? ஷூட்டிங் முடிஞ்சதும் நேரா என் புது ஜாகைக்கு! பெட்டியெல்லாம் கட்டியாச்சு. அஞ்சு மணிக்கு லாரி வரும். இனிமே இந்த வீட்டுப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்!"

அக்கா வெர்னா பாலில்லாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். ஊரெல்லாம் போஸ்டரில் ஆளுயரத்துக்கு நிற்கும் வெர்னா ஹேல், சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன் மாமியாருக்குப் பயந்த மருமகளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"எல்ஸி… ஒரு வாய் சாப்பிட்டுட்டாவது போடி…"

"எனக்கு வேண்டாம்! என் பங்கையும் நீயே சாப்பிடு. பழக்கம்தானே உனக்கு!"

கதவு படார் என்று சாத்தப்பட்டது. வெர்னாவின் கண்களில் நீர் தளும்பியது. எதிரே உட்கார்ந்திருந்த கணவன் ஃப்ளாய்ட் பத்திரிகையை இறக்கிவிட்டு அவள் முகத்தைக் கவனமாகப் பார்த்தான்.

"பிரமாதம் வெர்னா! இடது கண்ணுல கொஞ்சம் முன்னாடி வருது பாரு, அதை மட்டும் சரி பண்ணிக்கோ."

"நான் நிஜமாவே அழறேங்க!"

"அதைத்தான் சொல்றேன். அப்படியே நிஜம் மாதிரியே இருக்கு."

அவனையும் குற்றம் சொல்ல முடியாது. கௌபாய் படங்களில் முதல் கால் மணி நேரத்துக்குள் குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து விழுவது அவன் தொழில். விழுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மற்ற விஷயங்கள் மண்டையில் ஏறக் கொஞ்சம் நேரமாகும்.

எல்ஸியின் கோபத்துக்குக் காரணம் இதுதான். அவளுக்கு முதல் முதலாகக் கதாநாயகி வேஷம் கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் வீடு முழுக்க ஆடித் தீர்த்தாள். தன்னை நடிக்கவைத்து எடுத்த டெஸ்ட் ஷாட்டைப் பார்த்து ஸ்டூடியோ முதலாளி கிராஸ்மேன் சொக்கிப்போய்விட்டார் என்று கோடி வீட்டு நாய்க்குட்டியிடம்கூடச் சொன்னாள். மறுநாள், படத்தில் தனக்கு அம்மாவாக நடிக்கப்போவது யார் என்று தெரிந்தது. சொந்த அக்கா! "எனக்குன்னு ஒரு படம் வந்தா அதையும் முழுங்க வந்துட்டா" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்றுவரை ஓயவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. எல்ஸியின் டெஸ்ட் ஷாட் ஓடிக்கொண்டிருந்தபோது கிராஸ்மேன் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். குறட்டை கேட்டு விளக்கைப் போட்டார்கள். வெர்னா அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினாள்.

"ஒரே ஒரு சந்தர்ப்பம் குடுங்க சார். பொண்ணு நல்லா வருவா."

கிராஸ்மேன் சுருட்டைக் கடித்தபடி யோசித்தார். "அம்மா வேஷத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேணும். கேட்டவங்க எல்லாரும் ஓடிட்டாங்க. நீ நடிக்கறியா? நடிச்சா உன் தங்கச்சிதான் பொண்ணு."

வெர்னாவுக்கு வயது முப்பத்தாறு. பத்திரிகைகளில் ஐந்து வருடமாக இருபத்தொன்பது. இந்த ஊரில் கொலைகாரியாக நடிக்கலாம், குடிகாரியாக நடிக்கலாம், மறு படத்தில் மணப்பெண்ணாக வந்து நிற்கலாம். ஆனால் ஒரே ஒரு தரம் தலையில் நரை பூசிக்கொண்டு அம்மாவாக நின்றுவிட்டால், அதன் பிறகு அவளுக்கு எவனும் முத்தக் காட்சி எழுத மாட்டான். அதனால்தான் நடிகைகள் எல்லாரும் அந்த வேஷத்தைக் கண்டால் தெறித்து ஓடுவார்கள்.

"நடிக்கறேன் சார்," என்றாள் வெர்னா. "ஆனா இது அவளுக்குத் தெரியக்கூடாது. டெஸ்ட்ல ஜெயிச்சேன்னே நினைச்சுக்கட்டும். அந்த நினைப்புலதான் அவ நல்லா நடிப்பா."

வீட்டுக்கு வந்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லி ஒரு பாட்டம் அழுதாள். அப்பா போன பிறகு மினசோட்டாவின் பனியிலிருந்து அம்மாவையும் தங்கையையும் அழைத்து வந்து, எல்ஸிக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் வெர்னாதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. எல்ஸிதான் எல்லாம். இப்போது சொன்னால் அந்தப் பெண்ணின் நம்பிக்கை உடைந்துபோகும். சொல்லாவிட்டால் சாயங்காலம் அவள் வீட்டை விட்டே போய்விடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் வெர்னா மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று கடைசி நாள் படப்பிடிப்பு. மகள் ரயிலேறுகிறாள், அம்மா வழியனுப்புகிறாள். செட்டில் பாதி ரயில் பெட்டி நின்றிருந்தது. மத்தியானத்துக்குள் வெர்னாவின் ஷாட்டுகள் எல்லாம் முடிந்துவிட்டன. பாக்கி இருந்தது எல்ஸி அழ வேண்டிய க்ளோஸ்-அப் மட்டும்.

இந்த மாதிரி நேரத்தில் பெரிய நட்சத்திரங்கள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் வசனத்தை, செட்டில் குறிப்பெடுக்கும் பெண் யாராவது கேமரா பக்கத்தில் நின்று ஒப்பிப்பாள். வெர்னா போகவில்லை. நரைத்த விக்கும் சுருக்கம் வரைந்த முகமுமாகக் கேமராவுக்கு அருகில் வந்து நின்றாள். எதிரே உண்மையான முகம் ஒன்று இருந்தால்தான் புதுப் பெண்ணுக்கு அழுகை வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"உன் வேலை முடிஞ்சுதே, இன்னும் எதுக்கு நிக்கறே?" என்றாள் எல்ஸி. "நான் சொதப்பறதைப் பார்த்து ரசிக்கவா?"

வெர்னா ஓரடி நகர்ந்து, தங்கையின் கண்ணுக்கு நேராக வந்தாள்.

எல்ஸிக்கு அழுகை வரவில்லை. மேக்கப்காரர் நீர் வரட்டும் என்று கண்ணில் மெந்தால் ஊதினார். மூக்குதான் ஒழுகியது. கிளிசரின் வைத்தார்கள். அது கன்னத்தின் நடுவில் போய் நகராமல் உட்கார்ந்துகொண்டது.

"இது என்ன கண்ணீரா, பசையா?" என்று தலையில் அடித்துக்கொண்டார் டைரக்டர் ஹாலரன். "கடைசியா ஒரு டேக். கேமரா! வெர்னா, ஆரம்பி!"

வெர்னா வசனத்தைச் சொன்னாள். "போயிட்டு வா கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்."

எல்ஸியின் உதடு துடித்தது. "போதுமா? உனக்கு எதுதான் போதும் அக்கா?"

இப்படி ஒரு வசனமே கிடையாது. உதவி டைரக்டர் வாயைத் திறந்தார். ஹாலரன் கையை உயர்த்தி அவரை அடக்கினார். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேமரா ஓடிக்கொண்டிருந்தால், கூரை பற்றி எரிந்தாலும் நடிப்பு என்றுதான் நினைப்பார்கள்.

"சொல்லுக்கா! பேர், பங்களா, ரசிகர்கள்… எல்லாம் இருக்கே உனக்கு! எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது. அதுவும் பொறுக்கலையா? கிழவி வேஷம் போட்டாவது என்னை மறைக்கணுமா?"

"அப்படியெல்லாம் இல்லேடி செல்லம்…"

"அழாதே! நீ அழுதா எல்லாரும் உன் பக்கம் சாய்ஞ்சுடுவாங்க. சின்ன வயசுலேருந்து இதேதான்!"

"ஆகா… என்ன பொருமல்!" என்று ஹாலரன் கேமராமேன் காதில் கிசுகிசுத்தார்.

வெர்னா சேலை இருந்தால் தலைப்பால் வாயை மூடியிருப்பாள். கவுன் ஆகையால் கையால் மூடிக்கொண்டாள். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த அல்மாவுக்குப் பொறுக்கவில்லை. பின்னல் ஊசிகளோடு நாற்காலியிலிருந்து எழுந்தாள். கம்பளி நூல்கண்டு உருண்டோட, அவள் நேராக விளக்கு வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள்.

"வாயை மூடுடி! யாரைப் பார்த்து என்ன பேசறே? உன் டெஸ்டைப் பார்த்துட்டு அந்த கிராஸ்மேன் தூங்கிட்டானாம். குறட்டை விட்டானாம்! இவ போய் அவன்கிட்ட கெஞ்சி, நான் கிழவியா நடிக்கறேன், என் தங்கச்சிக்குச் சான்ஸ் குடுன்னு வாங்கிட்டு வந்தா. இனிமே இவளை எவன் கதாநாயகியா போடுவான்? இவ தலையில நரையைப் பூசிக்கிட்டது உனக்காகடி, பைத்தியமே!"

"அம்மா! வேண்டாம்மா!" என்று அலறினாள் வெர்னா.

எல்ஸி அம்மாவை விட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "பொய்… அக்கா, பொய்னு சொல்லு."

இருபது வருடமாகப் பொய்யை நிஜம்போலச் சொல்லிச் சம்பாதித்தவள் வெர்னா. அன்றைக்கு ஒரு பொய்கூட வரவில்லை.

"அவ்வளவு மோசமாவா இருந்துது என் டெஸ்ட்?"

"கொஞ்சம்… கொஞ்சமே கொஞ்சம்…"

"கொஞ்சமா?" என்றாள் அல்மா. "பின்னாடி தொங்கின ஜன்னல் திரை உன்னைவிட நல்லா நடிச்சுதாம்!"

எல்ஸிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையானது. மெந்தாலுக்கும் கிளிசரினுக்கும் வராத கண்ணீர் மடை திறந்து கொட்டியது.

"உன் வயசையா எனக்குத் தூக்கிக் குடுத்தே அக்கா?"

"போடி! வயசு எப்படியும் வர்றதுதான். பேப்பர்ல மட்டும்தான் வரலை."

எல்ஸி ரயில் பெட்டியிலிருந்து குதித்து ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வேகத்தில் வெர்னாவின் நரைத்த விக் ஒரு பக்கம் சரிந்து, கீழே பொன்னிற முடி எட்டிப் பார்த்தது. கேமரா காலி ரயில் பெட்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"என்னை மன்னிச்சுடுக்கா! நான் பாவி…"

"சீ, அழாதே. மேக்கப் போயிடும். அஞ்சு மணிக்கு லாரி வருமே…"

"லாரியாவது மண்ணாவது! பெட்டியில பாதி உன் கவுன்தான். எல்லாத்தையும் திருப்பி மாட்டணும்."

"கட்!" என்றார் ஹாலரன், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி. "அபாரம்! என் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு டேக் பார்த்ததில்லை! ஆனா ஒரு வார்த்தைகூடப் பிரயோஜனமில்லை. ஜன்னல் திரை நம்ம கதையில எங்கே வருது? அந்தம்மாவை யார் செட்டுக்குள்ள விட்டது? சரி, மறுபடி எடுப்போம். இந்தத் தடவை எழுதின வசனத்தைப் பேசுங்க!"

குறிப்பெடுக்கும் பெண் எழுந்து வந்தாள். "மிஸ் ஹேல், நீங்க களைச்சுப் போயிட்டீங்க. வீட்டுக்குப் போங்க, நான் வாசிக்கறேன்."

"வேண்டாம்," என்றாள் எல்ஸி. "அக்கா, நீ போயிடாதே. எனக்கு நேரா நில்லு."

வெர்னா விக்கைச் சரி செய்துகொண்டு கேமரா பக்கத்தில் நின்றாள்.

"போயிட்டு வா கண்ணு. நீ சந்தோஷமா இருந்தா எனக்கு அது போதும்."

எல்ஸி உடனே அழவில்லை. சிரிக்க முயன்றாள். அக்காவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "எங்கே போனாலும் நான் உங்க பொண்ணுதானே அம்மா," என்றாள். குரல் கடைசி வார்த்தையில் மட்டும் லேசாகத் தழுதழுத்தது. ஒரே ஒரு சொட்டு, வர வேண்டிய இடத்தில், தானாக இறங்கியது.

இது வீட்டு அழுகை இல்லை, நடிப்பு. இந்தப் பெண் தன்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள் என்று வெர்னாவுக்கு அந்தக் கணமே தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் நெஞ்சு கொள்ளாத சந்தோஷம் பொங்கி, வாய் விட்டு விம்மிவிட்டாள்.

"கட்! வெர்னா, நீ இந்த ஷாட்லயே இல்லை! உன் அழுகை ஒலிப்பதிவுல விழுது. புண்ணியமாப் போகும், நிறுத்து!"

டைரக்டர் சொன்னால் அழுவதற்கு இருபது வருடமாகப் பழகியிருந்தாள் வெர்னா. டைரக்டர் சொல்லியும் அழுகையை நிறுத்த அன்றைக்கு அவளால் முடியவில்லை.