பத்து நிமிஷப் பேச்சு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து ஜெயசீலன் கதவைத் திறந்தபோது, தரை துடைக்கப்பட்டிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. மூன்று நாளாகக் கிடந்த எச்சில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். அது அவன் கையில் இருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் அவனுக்கு வேலை. தனி ஆள். 'வேலைக்கு வேலை' என்ற ஃபேஸ்புக் குழுவில் சேர்ந்ததே வேடிக்கை பார்க்கத்தான். காசுக்குப் பதில் வேலை: தையலுக்கு டியூஷன், குழாய் ரிப்பேருக்கு ஜாதகம். வக்கற்ற கூட்டம் என்பான். குடியாத்தத்து தேவிகா அவன் ஜன்னல்களுக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுத்தாள். பதிலுக்கு அவள் தம்பியை இன்டர்வியூவுக்குத் தயார் செய்கிறேன் என்றவன், திரைச்சீலை கைக்கு வந்த அன்றே அவள் நம்பரை பிளாக் செய்தான். இதுகளுக்கு அது போதும்.

போன வாரம் அணைக்கட்டிலிருந்து பாக்யலட்சுமி என்று ஒருத்தி, வரிக்கு நாலு பிழையோடு எழுதியிருந்தாள். வீட்டு வேலை செய்து தருவாளாம். பதிலுக்கு அவள் மகன் முத்துக்குமாரிடம் யாராவது பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். ஜெயசீலன் அதை ஆபீஸில் வாசித்துக் காட்டிச் சிரித்தான். 'சரி, முதலில் வேலை' என்று பதிலும் போட்டான். விலாசம் கொடுக்கவில்லை.

அவள் பதிவிலிருந்த நம்பருக்கு இப்போது அடித்தான்.

"இன்னாமா இது? பூட்டின வீட்டுல எப்படி வந்த?"

"வேலை முடிஞ்சுது சார்." களைத்த குரல். "கழுவுறது, தொடைக்கிறது எல்லாம் ஆச்சு."

"போலீசுக்குப் போவேன்."

"போங்க சார். எம்புள்ளைகிட்ட பேசிட்டுப் போங்க."

இவ்வளவுதானா என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, அவன்கிட்ட போனைக் குடு. தொலையட்டும்."

"போன் அவனுக்கு ஆவாது சார். போன வருஷம் தோல் பதனிடுற ஷாப்புல, முடி கழல தோல ஊறப் போடுற சுண்ணாம்புத் தொட்டியில எறங்குனான். பொணமாத்தான் தூக்குனாங்க. அதுலேர்ந்து யாரும் அவன்கிட்ட பேசறதில்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உங்க வூட்டுலயேதான் அவன விட்டுட்டு வந்திருக்கேன்."

போன் கட்டானது.

பைத்தியம் என்று சொல்லிக்கொண்டான். கட்டிலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். பிரிக்கும்போதே பிரியாணி வாசனையை அமுக்கிக்கொண்டு இன்னொரு நாற்றம் எழுந்தது. வேலைக்குப் போகிற வழியில் தினமும் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற அந்தச் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த நாற்றம், இப்போது வெளியிலிருந்து வராமல், அவன் முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து, யாரோ நனைந்த துணியைப் பிழியாமல் தரையில் போட்ட சத்தத்தோடு வந்தது.

திரும்பினான்.

கதவை அடைத்துக்கொண்டு ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். தொட்டியில் ஊறிய தோல் போல வெளுத்திருந்தான். தலையில் முடியில்லை. புருவமில்லை. இமையிலும் இல்லை. கண்கள் ஜெயசீலனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

கத்த வாயெடுத்தான். சத்தம் எழவில்லை. அது அவன் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

"தம்பி," என்றான். நின்றது.

புரிந்தது. பேசினால் நிற்கிறது.

"தம்பி, நான் ஜெயசீலன். கம்பெனியில... எக்ஸ்போர்ட்ல இருக்கேன்." சுவர்க் கடிகாரம் ஒன்று பதினைந்து காட்டியது. ஜெர்மனிக்குப் போகும் ஆர்டரைச் சொன்னான். மேனேஜரின் திக்குவாயைச் சொன்னான். தேவிகாவை ஏமாற்றியதை, பழக்கத்தில், நையாண்டியாகவே சொன்னான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு மனிதனிடம் சிரிக்காமல், ஏளனமில்லாமல் சொல்ல அவனிடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினான்.

தேடிய நேரத்தில் இரண்டு முழம்.

"சாப்பாடு... சாப்பாடு வேணுமா தம்பி?"

நின்றது. முழங்காலருகே ஈரக் குளிர்.

ஒன்று பத்தொன்பது. நாலே நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பெயர்கள் தீர்ந்தன. ஊர்கள் தீர்ந்தன. தம்பி, தம்பி என்றான். பிறகு வெறும் காற்று.

வழுக்கும் விரல்கள் இரண்டு அவன் கீழுதட்டைப் பிடித்தன. மெதுவாக, பொறுமையாக, அவன் தாடையைத் திறந்தன. அந்த வெளுத்த முகம் குனிந்து, உள்ளே இன்னும் ஏதாவது பேச்சு மிச்சமிருக்கிறதா என்று பார்த்தது.