ஆட்சேபனை இல்லை

சிதம்பரத்திலிருந்து கிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினேன். பகல் பதினொரு மணி. சித்திரை வெயில்.

பையில் ஒரு கடிதம் இருந்தது. ஜெயசீலனின் தூக்குத் தண்டனையைக் குறைப்பதில் ஆட்சேபனை இல்லை என்று பூவம்மாள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கருணை மனுவோடு சேர்த்து அனுப்புவேன். நான் அவனுடைய வக்கீல்.

ஆறு வருடங்களுக்கு முன், காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு, பூவம்மாளின் மகள் பூஜாவை ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினான். மீன் வைக்கிற பெட்டி. பூஜாவுக்கு ஒன்பது வயது.

உயிரோடுதான் மூடினான்.

பூவம்மாள் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததும் உடம்பு சிலிர்த்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் குளிர். ஈர வாடை. உள்ளே போனால் புழுக்கம்.

நடுவீட்டில் பூவம்மாள் வாழையிலை போட்டுக்கொண்டிருந்தாள். சோறு, இறால் தொக்கு, புதுப் பாவாடை சட்டை, மல்லிகை. கன்னியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிட்டு இப்படித்தான் வீட்டுக்குள் அழைப்பார்கள். அழைக்காவிட்டால் வெளியிலேயே நிற்பாள்.

ஜெயசீலன் தொங்கிய பிறகுதான் அழைப்பது என்று பூவம்மாளின் புருஷன் பக்கிரி சபதம் செய்திருந்தான்.

"வக்கீலம்மா, ஒண்ணு கேக்குறேன்," என்றான் பக்கிரி. "புள்ள உள்ளேர்ந்து தட்டியிருக்கும். அவன் வெளிய நின்னு கேட்டிருக்கான். அவனுக்கு மூணு வேள சோறு. இது எந்த ஊரு நாயம்?"

பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"யோவ், தள்ளு," என்றாள் பூவம்மாள். "அவன் எப்ப சாவான்னு எம்பொண்ண வாசல்ல காவல் நிறுத்தியிருக்க. ஆறு வருசம். நீ நிப்பியா?"

"அவன் தொங்காம அவ உள்ள வர மாட்டா."

"கூப்ட்டுப் பாக்குறேன்."

படையல் வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது வழக்கம். சாத்திவிட்டு நின்றோம்.

குளிர் எங்களைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

பிறகு தட்டும் சத்தம்.

உள்ளேயிருந்து. சின்னக் கை. முதலில் மெதுவாக. பிறகு விடாமல்.

அவன் மூடி வைத்துக் கொன்ற பிள்ளையை அழைத்து, மறுபடி மூடியிருந்தோம்.

"அம்மா," என்றது கதவு. "ஏம்மா என்னய மூடுனாங்க?"

பக்கிரி காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பூவம்மாள் கதவை அகலத் திறந்தாள். யாருமில்லை. புதுப் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எனக்குத் தெரியாதுடி," என்றாள் அந்த வெறுமையைப் பார்த்து. குரல் நடுங்கவில்லை. "உங்கப்பனுக்கும் தெரியாது. மூடுனவனுக்குத்தான் தெரியும். அவனையும் கொன்னுட்டா யாரக் கேப்ப? போ. போயி அவனண்ட கேளு. சொல்ற வரைக்கும் வுடாத."

கடிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"புள்ளய எங்கடி அனுப்புன?" என்று பக்கிரி அழுதான்.

"நீ ஆறு வருசமா கயித்த அனுப்ப நெனச்ச எடத்துக்குத்தான்யா. கயித்துக்குப் பதிலா அவள அனுப்பியிருக்கேன்."

மறுநாள் காலை கடலூர் சிறைக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஜெயசீலன் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம்.

"மனு வேணாம் மேடம்."

"கையெழுத்து வாங்கிட்டேன்."

"வேணாம். நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு புள்ள கூடவே இருக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்குது. திரும்பத் திரும்பக் கேக்குது."

"பதில் சொல்லு."

"தெரியலயே மேடம்." பற்கள் அடித்துக்கொண்டன. "எப்ப தூக்குல போடுவாங்க?"

"போட விட மாட்டேன்," என்றேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

கண்ணாடியில், அவன் இடுப்பு உயரத்தில், ஒரு சின்ன வாயின் மூச்சு படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.