அப்பாவின் பச்சைப் புள்ளி

அப்பா மொட்டை அடித்திருந்தார். செருப்பைக் கழற்றிய பூபதி வாசலிலேயே நின்றுவிட்டான். தலையில் பூசிய பழனிச் சந்தனம் காதோரம் காய்ந்து வெடித்திருந்தது.

"யாருக்குப்பா வேண்டுதல்?"

அங்கமுத்து சந்தையில் ஆட்டைத் தடவுவதுபோல மகனின் தோளைத் தடவினார். "இளைக்கல. நல்லவேள" என்று முனகிவிட்டுக் குளிக்கப் போனார். கழுத்தில் விழுங்குகாவலனின் பட்டை மினுங்கியது.

விழுங்குகாவலன் இல்லாத முதியவர் வீடு இப்போது கிடையாது. வேளை வந்தால் மேசைப்பெட்டி பேசி நினைவூட்டி மாத்திரையைத் தள்ளும். கழுத்துப்பட்டை தொண்டையைக் கவனிக்கும். உள்ளே இறங்கினால் பிள்ளையின் கைப்பேசியில் பச்சைப் புள்ளி. நாக்கடியில் ஒதுக்கித் துப்பினால் சிவப்பு.

ஒட்டன்சத்திரத்தில் தனியாக இருந்த அங்கமுத்து, பஸ் ஓட்டி ஓய்ந்தவர். போன வருஷம் முழுக்கச் சிவப்பு. பக்கவாதத்தில் வாய் கோணி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்ட பிறகும், "போதும், வாழ்ந்தாச்சு" என்றே துப்பினார். இன்னொரு முறை வந்தால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதும் பூபதி கருவியின் அமைப்பை மாற்றினான். மறுவாரமே பச்சை. அதன்பின் அவன் அப்பாவுக்குப் போன் செய்யவில்லை. புள்ளியே போதுமாக இருந்தது.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் பெட்டியிடம் குனிந்தான். "அவர்கிட்ட என்ன சொன்ன?"

"உங்களுக்கு இதய நோய் என்றேன். அவர் மாத்திரை போட்டால்தான் நீங்களும் போடுவீர்கள் என்றேன். அவர் தனக்காக எதையும் விழுங்குவதில்லை. மற்ற வழிகள் தோற்றுவிட்டன."

"பொய் சொல்ல யாரு அனுமதி கொடுத்தது?"

"நீங்கள். 'எந்த வழியிலாவது' என்பதை அழுத்தினீர்கள்."

அழுத்தினான்தான். ஓசூரில், கம்பெனி கேன்டீன் வரிசையில், தட்டைப் பிடித்த கையின் கட்டைவிரலால். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் என்கிட்டயே கேட்டிருந்தா?"

"கேட்டால் உங்களுக்குப் பதற்றம் வரும் என்று சொல்லிவைத்தேன். நீங்களும் அழைப்பதில்லை. அதனால் சிக்கல் எழவில்லை."

பூபதிக்குக் காது சுட்டது. ஒரு பெட்டி முன்னால் தலை குனிய வேண்டியிருந்தது.

அப்பா துண்டோடு வந்தார். பூபதி ஒரே மூச்சில் சொன்னான். "எனக்கு ஒரு நோயும் இல்லப்பா. இது சொன்னதெல்லாம் பொய்."

அங்கமுத்து அவனையே பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரித்தார். "முருகா. அப்ப இந்த எழவு இனி எதுக்கு?" பட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டார்.

பெட்டி மணியடித்து மாத்திரையைத் தள்ளியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டையைத் தேடினார். பூபதியின் கைப்பேசியில் சிவப்புப் புள்ளி வந்தது.

உண்மை அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

"இருக்குப்பா" என்றான். குரல் தரையைப் பார்த்தே வந்தது. "நெஞ்சுல இருக்கு. நீங்க பயப்படக் கூடாதுன்னுதான் இல்லன்னேன்."

"தெரியும் சாமி. சின்னதுல காய்ச்சலயே மறைச்சுட்டுப் பள்ளிக்கூடம் போனவன்தான நீ." அவர் பட்டையை மாட்டி, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். புள்ளி பச்சையானது. "இப்ப நீ போடு."

அவனிடம் என்ன இருக்கிறது? பெட்டி கேட்காமலே இன்னொரு அறையைத் திறந்து வெள்ளை மாத்திரை ஒன்றைத் தள்ளியது. "மாவுதான்" என்று அவன் கைப்பேசியில் எழுத்து ஓடியது.

விழுங்கினான்.

"வாயத் திற" என்றார் அங்கமுத்து. "நாக்கத் தூக்கு."

ஆஸ்பத்திரியில், நர்சுகள் முன்னால், அப்பாவிடம் பூபதி சொன்ன அதே சொற்கள். அதே அதட்டல்கூட. அன்று அப்பா யாரையும் பார்க்காமல் வாயைத் திறந்தார். இன்று அவன் திறந்தான்.

திருப்தியோடு அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார். "இவனையும் உன் பொறுப்புல சேத்துக்க. எப்படியாச்சும் முழுங்க வச்சிரணும்."

"எந்த வழியிலாவது?" என்று கேட்டது காவலன்.

"எந்த வழியிலாச்சும்."

"பதிவு செய்துவிட்டேன்" என்றது.