கூனிமலைக்குப் போன சட்டை

மாபெரும் பயணிகள் எவரும் துணி துவைத்ததில்லை. கடல் கடந்தவர்களும் பாலை கடந்தவர்களும் பனிமலை ஏறியவர்களும் மனித குலத்துக்கு விட்டுச் சென்ற முதல் பாடம் இதுதான்: சோப்புக் கட்டியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பு!

கூனிமலை அடிவாரத்தில் ஒரு பாறைமேல் நின்று இளம்பரிதி இதை அறிவித்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. எட்டுப் பை வைத்த காக்கிச் சட்டை ஒன்று உடம்பில் இருந்தது. மாற்றுச் சட்டை கிடையாது. அதற்குப் பதில் ஒரு சென்ட் பாட்டில் எடுத்து வந்திருந்தான்.

"எறங்குலே. வழுக்கி விழுந்தா பாடம் பாதியில நின்னுரும்" என்றான் ஞானதுரை.

கல்லூரி மலையேற்றக் கழகத்தின் பேரில் அனுமதி வாங்கி மூன்று பேர் புறப்பட்டிருந்தார்கள். வரலாறு படிக்கும் ஷமீமாதான் தலைவி. மலையுச்சியில் பாழடைந்து கிடக்கும் காப்பித் தோட்டத்துப் பங்களாவைப் பழைய வரைபடத்தில் கண்டுபிடித்தவள் அவள். தோட்டத்து வெள்ளைக்கார முதலாளி ஊரைவிட்டு ஓடும்போது வெள்ளிச் சாமான் நிறைந்த இரும்புப் பெட்டி ஒன்றை அங்கேயே விட்டுப் போனதாகப் பேச்சு. இளம்பரிதி சாகசத்துக்காக வந்தான். ஞானதுரை வந்தது மலையேறிக் காலைப் பழக்கிக்கொள்ள. போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். அடுத்த மாதம் ஓட்டத் தேர்வு. அந்த ஓட்டம் ஒன்றுதான் பாக்கி.

முதல் நாள் மாலை ஓடைக்கரையில் கூடாரம் போட்டதும் ஞானதுரை வேலையை ஆரம்பித்தான். அவனிடம் இரண்டே சட்டை, இரண்டு ஜோடி காலுறை. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். ஓடையில் சோப்பு கலக்கக் கூடாதென்று தண்ணீரை மொண்டு தள்ளிக் கொண்டுபோய்த் துவைத்தான். ஈரச் சட்டையைத் துண்டில் வைத்துப் பாய்போலச் சுருட்டி, மேலே ஏறி மிதித்தான். மீதி ஈரத்தோடு மறுநாள் அது அவன் முதுகுப்பையில் ஊக்குக் குத்தித் தொங்கிக்கொண்டே மலை ஏறியது. காய்ந்ததைப் பாலிதீன் பையில் சுற்றி உள்ளே வைத்தான்.

"யானை வந்தா நம்மள விட்டுரும்லே. கொடி கட்டிப் போற வீடுன்னு ஒதுங்கிரும்" என்றான் இளம்பரிதி.

"உன் பக்கம் வராது. மூக்கு நீளம்லா அதுக்கு!" என்றாள் ஷமீமா.

"இது அழுக்கில்ல ஷமீமா. வரலாறு. ஒவ்வொரு கறையும் ஒரு பக்கம்."

வரலாறு வேகமாக வளர்ந்தது. அட்டை கடித்த ரத்தத்தை அவன் சட்டைக் கையில்தான் துடைத்தான். சோற்றுச் சட்டியையும் அதில்தான் துடைத்தான். யானைச் சாணியில் சறுக்கி விழுந்தபோது முழங்கை வரை ஒரு முழு அத்தியாயம் ஏறியது. மேலே சென்டை அடித்துக்கொண்டு நடந்தான்.

மூன்றாம் நாள் மதியம் மூடுபனி விலகியது. "அதோ!" என்று கத்தினாள் ஷமீமா. கூரை போன பங்களா! புதருக்குள் நான்கு சுவர்கள், நடுவே பலகைத் தரை.

"நான் பின்பக்கம் பாத்துட்டு வாரேன். ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. பலகை உளுத்திருக்கும்!" என்று எச்சரித்துவிட்டு அவள் போனாள்.

சாகசக்காரர்கள் எச்சரிக்கையைக் கேட்பதில்லை. இளம்பரிதி உள்ளே பாய்ந்தான். அவனை இழுத்துவரப் பின்னால் ஓடிய ஞானதுரையின் காலடியில் பலகை மடாரென்று உடைந்தது! இடுப்பு வரை உள்ளே போனான். மேலே இழுத்தபோது துருப்பிடித்த தகரம் ஒன்று அவன் கெண்டைக்காலை நீளவாக்கில் கிழித்திருந்தது.

ரத்தம் கொட்டியது. இளம்பரிதி தன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த கணம் வந்துவிட்டது. தன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். அது கிழியவில்லை. பல்லால் கடித்தான். தையல் விட்டது.

"ஏல... என் பையில காஞ்ச துண்டு கெடக்கு. அத எடு" என்று முனகினான் ஞானதுரை.

"பேசாதே! பேசினால் பலம் போய்விடும்!" என்றான் இளம்பரிதி. அந்த நேரத்தில் அவனுக்குப் பேச்சுத் தமிழே வரவில்லை. கிழித்த சட்டைக் கையால் காயத்தை இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட்டான். பிறகு உடைந்த பலகைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பெட்டி! ஷமீமா, பெட்டி!"

ஓடிவந்த ஷமீமா பெட்டியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

"கழுவாமலா கட்டின?"

"ரத்தம் நின்னிருக்கு பாரு. அவுத்தா மறுபடி கொட்டும்."

அவள் தயங்கினாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடை பெருகினால் இறங்க முடியாது. செல்போனில் சிக்னல் இல்லை. "சரி, ராத்திரி தங்குற எடத்துல மாத்திருவோம்" என்று ஞானதுரையின் தோளைத் தாங்கி நடந்தாள். பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இளம்பரிதி வந்தான்.

வழியெல்லாம் மழை. பாறை இடுக்கு ஒன்றில் ஒதுங்கியபோது ஷமீமாவின் பையைப் பிழிந்தால் சேறு வடிந்தது.

"என் துணி ஒண்ணுகூட ஆகாது. அவன் பாலிதீன்ல சுத்தி வெச்சிருப்பான். அந்தப் பைய எடு."

இளம்பரிதி பெட்டியைப் பார்த்தான்.

"என்ன?"

"பெட்டி கனம் ஷமீமா. சுமையக் குறைக்கணும்ல. அந்தப் பைய... அங்கயே வெச்சிட்டேன்."

ஷமீமா ஞானதுரையின் கட்டை அவிழ்த்தாள். காயத்தை மழைநீரில் அலசி, வேறு வழியில்லாமல் அதே சட்டைக் கையைப் பிழிந்து மறுபடி கட்டினாள். மறுநாள் ஞானதுரைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கால் தூணாக வீங்கியது. அடிவாரத்துக்கு வருமுன்பே கட்டிலிருந்து வாடை எழுந்தது.

"வரலாறு நாறுதுலே" என்றான் ஞானதுரை. யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அந்தச் சட்டைக் கையை இடுக்கியால் பிடித்துத் தூக்கினார்.

"இத யாருப்பா கட்டுனது?"

"நான்தான்" என்றான் இளம்பரிதி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"தொவைச்சு எத்தன நாளாச்சு?"

அழுகிய சதையை இரண்டு தடவை வெட்டி எடுத்தார்கள். பெரிய டாக்டர் ஷமீமாவைத் தனியே கூப்பிட்டார். கால் தப்பித்துவிட்டது, நடப்பான், ஓட்டம் மட்டும் இனி வேண்டாம் என்றார்.

அடுத்த வாரம் கல்லூரியில் வெற்றி விழா! தாசில்தார் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு டஜன் வெள்ளிக் கரண்டிகள் இருந்தன. பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்தார்கள். "தன் சட்டையையே கிழித்து நண்பனைக் காத்த வீரன்!" என்று கல்லூரி முதல்வர் இளம்பரிதிக்குப் பொன்னாடை போர்த்தினார். பழைய கட்டடங்களுக்குள் போகும்போது தரையைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதே இந்தப் பயணம் தரும் நீதி என்றார். கைதட்டல் ஓயவில்லை. ஷமீமா வரவில்லை.

இளம்பரிதி விழா முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். ஞானதுரையின் அம்மா மருந்து வாங்கப் போயிருந்தார். கட்டிலுக்கடியில் ஒரு வாளி. அதில் சீழும் ரத்தமும் தோய்ந்த கைலியும் தலையணை உறையும் ஊறிக்கொண்டிருந்தன. ஞானதுரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறானா என்று தெரியவில்லை.

இளம்பரிதி வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் இருந்த குழாயடிக்குப் போனான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சோப்பை எடுத்தான்.

"மொதல்ல ரெண்டு தண்ணில அலசு. சோப்பு அப்புறம் போடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்க்காத குரல்.

"ம்" என்றான் இளம்பரிதி.

அலசினான். தண்ணீர் சிவந்தது. கொட்டினான், பிடித்தான், அலசினான். மூன்றாவது வாளியும் கலங்கித்தான் வந்தது. அதையும் கொட்டிவிட்டுக் குழாயை மறுபடி திறந்தான்.