கொஞ்சலில் ஏறிய சுமை

போடியில் அப்போது சுவருக்கு மட்டுமல்ல, மின்விசிறிக்கும் காது இருந்தது. பேச்சையெல்லாம் உறிஞ்சும் கேள்பொடி என்றொரு சாமான் சந்தைக்கு வந்திருந்தது. கடுகில் பாதிதான் இருக்கும். ஒரு சிட்டிகை தூவினால் ஒரு தெருவே அம்பலம். ஒருவர் தும்மினால் மூன்று மருந்துக்கடைகளிலிருந்து ஆள் வந்தது.

இதில் நாசமாய்ப் போனது தனுஷ்கோடியின் பிழைப்பு. விருதுநகர் மண்டி ஒன்றின் போடிக் கிளைக்கு அவன்தான் மேலாளர். அவனே குமாஸ்தா, அவனே கூட்டிப் பெருக்குகிறவன். ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிகள் எல்லோரும் ஒரே நொடியில் தங்கள் விலையை அழுத்த வேண்டும். உயர்ந்த விலைக்குச் சரக்கு. தலைமை அலுவலகம் சொல்லும் விலை வழியிலேயே கசிந்ததால், தானும் விருதுநகரிலிருந்தே விலை கேட்டு வாங்கும் எதிர்க்கடைக் கூடலிங்கம் ஒவ்வொரு முறையும் ஒரு ரூபாய் கூட்டி அழுத்திச் சரக்கை அள்ளினான்.

“இன்னொரு ஏலம் இப்பிடிப் போச்சுன்னா, கிளையப் பூட்டிட்டு வந்து இங்க மூடை தூக்கு,” என்றார் முதலாளி அண்ணாச்சி. “பேச்ச ஒளிச்சு அனுப்ப மறைகுழல்னு என்னமோ சொல்றாங்களே, அதப் போடு. வெலை கம்மியாப் பாரு.”

மறைகுழல் விற்க இன்னாசி வந்தான்.

“சொந்தக் குழல்னா தனிப் பெட்டி வேணும் சார். இந்தக் கிளைய வித்தாலும் கட்டுப்படி ஆகாது. வாடகைக் குழலுக்கு மாசாமாசம் அழணும். பங்குக் குழல் ஒண்ணு இருக்கு. கிட்டத்தட்ட ஓசி.”

“ஓசின்னா எங்கயோ இடிக்குமே?”

“இடிக்காது சார். உங்க அண்ணாச்சி சொல்ற விலைய நுணுக்கி, விருதுநகர்லேர்ந்து போடிக்குப் பேசுற யாரோ ஒருத்தர் பேச்சுக்குள்ள ஒளிச்சுக் கொண்டாருவோம். கேள்பொடி காதுக்கு அது வெறும் மாமியா மருமக சண்டை. பதிலுக்கு உங்க வீட்டுப் பேச்சுல அடுத்தவங்க சுமை ஏறும். வர்ற பேச்சு, போற பேச்சு ரெண்டுலயும்.”

தனுஷ்கோடி சிரித்தே விட்டான். விருதுநகரில் இருக்கும் அவன் மனைவி ஜெயக்கொடி தினமும் பேசுவது, “சாப்பிட்டாச்சா? வச்சிடறேன்.” அவனுடைய பங்கு ஒரு “ம்”. இதில் எந்த மூட்டையை ஏற்றுவார்கள்? கையெழுத்துப் போட்டான்.

குழல் வேலை செய்தது. அடுத்த ஏலத்தில் கூடலிங்கம் தடுமாறினான். அதைவிட அதிசயம் ஜெயக்கொடி.

“சாப்பிட்டாச்சா? மழையில நனையாதீங்க கண்ணு. நீங்க இல்லாம வீடே வெறிச்சுனு கெடக்கு.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் கேட்டறியாத சொல். தினம் சவரம் செய்துகொண்டான். புதுச் சட்டை எடுத்தான். பேசுவது தொலைபேசியில்தான் என்றாலும், சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பான்.

குழலைச் சோதிக்க வந்த இன்னாசிக்கு வடை வாங்கிக் கொடுத்து, பெருமையாக விஷயத்தைச் சொன்னான்.

“அது உங்க வீட்டம்மா இல்ல சார், சுமை,” என்றான் இன்னாசி, மென்றுகொண்டே. “யாரு கம்மியாப் பேசுறாங்களோ அங்கதான் எடம் அதிகம். அவங்க குரல்லயே குழல் ரொப்பிக்கும். யாரோட சுமைன்னு சொல்லக் கூடாது. கூடலிங்கத்தோடதுன்னு சொல்லவே கூடாது.”

தனுஷ்கோடி தன் வடையைக் கீழே வைத்தான். எதிரியின் ஏல விலை, தன் பெண்டாட்டியின் ‘கண்ணு’வில் உட்கார்ந்து, தன் காதைத் தாண்டிப் போயிருக்கிறது, தான் புதுச் சட்டை போட்டு அதற்கு வாசல் திறந்துவிட்டிருக்கிறான். சட்டையைக் கழற்றித் தரை துடைத்தான்.

ஆனாலும் வியாபாரி அல்லவா? அவள் கொஞ்சியதையும் ஏலப் பலகையில் கூடலிங்கத்தின் விலையையும் ஒத்துப் பார்த்தான். கிலோவுக்கு மூவாயிரம் அடிவிலை, அதற்கு மேல் கொஞ்சல் ஒன்றுக்கு நூறு ரூபாய். பிறகென்ன, அவள் கொஞ்சக் கொஞ்ச அவன் விரலை மடக்கினான். ஒரு ரூபாய் கூட்டி அழுத்தினான். வயிறு எரிந்தது, சரக்கு வந்தது. அண்ணாச்சி மெச்சினார்.

பருவத்தின் பெரிய ஏலம் வந்தது. “மூவாயிரத்து எரநூறுக்கு மேல போகாத,” என்றிருந்தார் அண்ணாச்சி. காலையில் ஜெயக்கொடி கூப்பிட்டாள்.

“ஏங்க... சிரிக்கக் கூடாது. உங்க ஞாபகமாவே இருக்கு ராசா. உங்க குரலக் கேட்டாத்தான் எனக்கு விடியுது. நீங்க வர்ற அன்னைக்கு வாசல்லயே நிப்பேன். என் சாமியில்ல, சீக்கிரம் வாங்க...”

அவள் நிறுத்தவேயில்லை. ஒன்பது விரல் மடங்கியது. கூடலிங்கத்துக்கு வெறிதான் பிடித்திருக்கிறது! “ம்” என்று வைத்துவிட்டு ஓடினான். அண்ணாச்சியின் வரம்பை மறந்து, மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று அழுத்தினான்.

பலகையில் விலைகள் ஒளிர்ந்தன. அடுத்த விலை, கூடலிங்கம், மூவாயிரத்து ஐம்பது. கூடமே திரும்பி அவனைப் பார்த்தது.

“கிளையப் பூட்டு,” என்றார் அண்ணாச்சி.

தனுஷ்கோடி இன்னாசியைப் பிடித்து உலுக்கினான்.

“உங்களுக்கு வர்ற பேச்சுல இன்னிக்குச் சுமையே இல்லையே சார். ‘என் வெலை எங்கயோ கசியுது’ன்னு கூடலிங்கம் நேத்தே சொந்தக் குழல் போட்டுட்டாரு.”

அப்படியானால் காலையில் பேசியது?

விருதுநகரைக் கூப்பிட்டான்.

“அவ்வளவு சொன்னேன், ஒரு ‘ம்’ போட்டு வச்சிட்டீங்கள்ல?” ஜெயக்கொடியின் குரல் உடைந்திருந்தது. “இத்தன வருசம் வாயத் தொறக்காத மனுசன், இப்பத்தான் தெனம் ‘தங்கம், பவுனு’ன்னு கொஞ்சுறாரேன்னு, நானும் வெக்கத்த விட்டுச் சொன்னேன். என் புத்திய...”

நகைக்கடை தவிர வேறெங்கும் தனுஷ்கோடி ‘பவுனு’ என்று சொன்னதில்லை. என்ன சொல்வது? எதைச் சொன்னால் அது அவன் சொன்னதாகும்? தொலைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு யோசித்தான்.

எதிர்முனையில் ஜெயக்கொடி களுக்கென்று சிரித்தாள்.

“போங்க! பட்டப்பகல்ல பேசுற பேச்சா இது?”

தனுஷ்கோடி இன்னும் வாயைத் திறக்கவில்லை.