பதினாலாம் பஞ்சு

மதியம் 12.05. அருங்காட்சியகத்தின் கண்ணாடி அலமாரி காலியாகக் கிடந்தது. உள்ளங்கை அளவே இருந்த பழைய ஓவியம் ஒன்றைக் காணோம்.

விடுமுறை நாள். உள்ளே இருந்தது இரண்டே பேர். ஒருவர் மேலாளர். மற்றவள், பக்கத்து அறையில் பழைய ஓவியங்களைத் துடைத்துச் சீராக்குகிற பெண். எப்போதும் பஞ்சும் கையுமாக இருப்பதால் எல்லோருக்கும் அவள் பஞ்சு. யாரும் உள்ளே வரவுமில்லை, வெளியே போகவுமில்லை என்று வாசல் காவலாளி அடித்துச் சொன்னார்.

12.40. இன்ஸ்பெக்டர் அம்மா மேலாளரிடம் ஆரம்பித்தார்.

"கேமரா என்ன ஆச்சு?"

"பதினொண்ணு பத்துக்கு கரண்ட் போச்சு மேடம். நாற்பதுக்குத்தான் வந்தது."

"ஜெனரேட்டர்?"

"அதுக்கெல்லாம் எங்களுக்கு ஏது கொடுப்பினை! கரண்ட் போனா லைட்டு, ஃபேன், கேமரா எல்லாமே படுத்துடும். நான் வேர்த்து வழிஞ்சுக்கிட்டு என் ரூம்லயே உட்கார்ந்திருந்தேன்." குரலைத் தாழ்த்தினார். "பஞ்சுவைக் கேளுங்க. கண்ணைப் பார்த்துப் பேச மாட்டா. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்களே."

1.00. பஞ்சு தன் அறையில் காதுமூடியோடு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரே அமர்ந்து கேள்விகளை அடுக்கினார். எங்கே இருந்தே? யாரைப் பார்த்தே? ஏன் பேச மாட்டேங்கிறே? பஞ்சு முன்னும் பின்னும் ஆடினாள்.

"பதினாலு பறந்துடுச்சு," என்றாள். எதைக் கேட்டாலும் அதேதான்.

1.45. பஞ்சுவின் அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"அவளுக்கு ஆட்டிசம் மேடம். எதிர்ல உட்காராதீங்க, பக்கத்துல உட்காருங்க. ஒரு நேரத்துக்கு ஒரு கேள்வி. பதிலுக்குக் காத்திருங்க. முதல்ல அந்த டியூப்லைட்டை அணைங்க. அது போடற ரீங்காரம் நமக்குக் கேட்காது, அவளுக்குக் காதுல ஊசி." அக்கா இன்ஸ்பெக்டர் அருகே வந்தாள். "ஒன்பது இடம் ஏறி இறங்கிக் கிடைச்ச வேலை. திருடின்னு பேர் வந்துட்டா அவ்வளவுதான்."

இருபது வருடமாகக் கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடிப்பதாக இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெருமை உண்டு. கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டே எத்தனை பேர் தன்னை ஏமாற்றியிருப்பார்கள் என்று முதல்முறையாகத் தோன்றியது. எழுந்து விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சமே போதுமானதாக இருந்தது.

பஞ்சு காதுமூடியைக் கழற்றினாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். "பதினாலுன்னா என்ன?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு ஒரு நோட்டு அவர் பக்கம் நகர்ந்தது. துடைக்கிற ஒவ்வொரு பஞ்சுக்கும் எண், நேரம். மேஜையில் பஞ்சுகள் வரிசையாக இருந்தன. பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே வெற்றிடம்.

*11.10. காதுமூடி கழற்றினேன்.*
*11.25. ஃபேன் காற்றில் பதினாலு பறந்தது.*
*11.40. காதுமூடி போட்டேன்.*

இன்ஸ்பெக்டர் இரண்டாவது வரியை மறுபடி படித்தார். தலைக்குமேல் மின்விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

2.30. மேலாளர் வந்து நின்றார்.

"கரண்ட் போனா ஃபேனும் படுத்துடும்னீங்க."

"ஆமா மேடம்."

"பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு இங்கே ஃபேன் ஓடியிருக்கு. லைட்டு மட்டும்தான் போயிருக்கு. ரீங்காரம் நின்னதாலதான் இவ காதுமூடியைக் கழற்றினா. மின்சார ஆபீஸ்ல கேட்டுட்டேன். இன்னிக்கு இந்தத் தெருவுல கரண்ட் போகவே இல்லை. இந்த லைட்டு லைனுக்கும் கேமராவுக்கும் சேர்த்து ஒரே மெயின் ஸ்விட்ச், ஃபேனுக்கு வேற. அது வராந்தாவுல பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு. சாவி யார்கிட்ட?"

மேலாளர் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது.

பெட்டியைத் திறந்தார்கள். வயர்களுக்குப் பின்னால், கைக்குட்டையில் சுற்றிய ஓவியம். ஆளரவம் அடங்கிய பிறகு எடுத்துப் போகலாம் என்று வைத்திருந்தார்.

"அதுங்க எழுதின கிறுக்கலை நம்பி..." என்று இழுத்தார்.

"அவ முதல் கேள்விக்கே சரியான பதில் சொல்லிட்டா," என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்குத்தான் கேட்கத் தெரியலை."

3.15. மேலாளரை ஜீப்பில் ஏற்றியாயிற்று. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஞ்சு மட்டும் வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாலு?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மண்டியிட்டார். மேஜைக்கடி, நாற்காலிக்கடி. கடைசியில் அந்த அறையின் மர அலமாரிக் கால் இடுக்கில், பழுப்பேறிய சின்ன உருண்டை.

பஞ்சு அதை இடுக்கியால் வாங்கி, அதன் இடத்தில் வைத்தாள். நோட்டை எடுத்தாள்.

*3.22. பதினாலு வந்தது.*

சற்று யோசித்து, பக்கத்தில் எழுதினாள்: *போலீஸ் கண்டுபிடித்தது.*